மடியில் தர்பூசணி வைத்திருந்த மனிதன்

கார் முன்பலகையில் ஒரு விளக்கு எரிந்தால், குடும்பத் தலைவன் அதற்கு விளக்கம் சொல்லியே ஆகவேண்டும். தெரிந்து சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. தயங்காமல் சொன்னால் போதும். ஜோர்டானின் இர்பித் நகரத்தில் பதினேழு வருஷமாகப் புவியியல் வாத்தியாராக இருக்கிறேன். கண்ணால் பார்க்காத எரிமலைகளைப் பற்றியெல்லாம் நாற்பது பையன்களுக்குக் குரல் நடுங்காமல் பாடம் நடத்தியவன். சுண்டுவிரல் நகமளவு விளக்குக்கா பயப்படுவேன்?

எங்கள் நாட்டில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு. போன வெள்ளிக்கிழமை காலை, அஜ்லூனில் என் மனைவி ருவைதாவின் அக்கா வீட்டு விருந்துக்குக் கிளம்பினோம். முன் சீட்டில் ருவைதா. அவள் மடியில் எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய் ஜாடி. தெருமுனைகூடத் திரும்பவில்லை, சிவப்பாக ஒன்று எரிந்தது.

"அபூ ஜவாத், இதென்ன?"

ஜவாத் எங்கள் மூத்த பையன்; அபூ ஜவாத் என்றால் ஜவாதின் அப்பா, உம்மு ஜவாத் என்றால் அவன் அம்மா. அவன் பிறந்த நாளிலிருந்து என் சொந்தப் பெயர் நாயெல் என்பதை இந்த வீட்டில் யாரும் பயன்படுத்துவதில்லை.

"எது?"

"இதோ. ஒருத்தன் மடியில தர்பூசணிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க."

பார்த்தேன். அச்சு அசல் தர்பூசணி.

"அது ஒண்ணுமில்ல. பெட்ரோல் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். வயிறு நிறைஞ்ச மனுஷன் படம் போட்டிருக்கான்."

"முள்ளு அடியில கெடக்குதே?"

"அது நேத்து முள்ளு."

"அப்ப இந்த விளக்கு?"

"முன் சீட்டுல கனமா ஏதோ இருக்குன்னு காட்டுது."

சொல்லியிருக்கக் கூடாது.

"யாரு கனம்?"

"ஜாடி!"

"வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினேன். அவள் முன்பலகையிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து, வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கையேட்டை எடுத்தாள். கண்ணாடியை மாட்டினாள். பல்லால் உறையைக் கிழித்தாள்.

"'விபத்து நேர்ந்தால் காற்றுப்பை விரியாமல் போகலாம். உடனே சோதிக்கவும்.' உங்க தர்பூசணி காத்துப் பையாம், ஏர்பேக்!"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"அஜ்லூன் போய்ச் சேர்ந்ததும்."

விருந்து போச்சு. வண்டி வீட்டுக்குத் திரும்பியது. வந்ததும் வராததுமாகத் தன் தம்பி மிக்தாதுக்குப் போன் போட்டாள். மிக்தாத் கார் எலெக்ட்ரீஷியன். பட்டறைகள் இருக்கும் பக்கம் சொந்தக் கடை வைத்திருக்கிறான். போனை எனக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள்.

"மச்சான், பயப்படாதீங்க" என்றான். "பத்துக்கு எட்டு வண்டியில முன் சீட்டுக்கு அடியில போற வயருதான் லூஸாகியிருக்கும். கீழ ஏதாவது சாமான் வெச்சிருந்தா இடிச்சிருக்கும். நாளைக்குக் காலையில கொண்டாங்க, சீட்டைக் கழட்டிப் பாத்துடலாம்."

அந்தச் சீட்டைக் கழற்றினால் என் சீட்டு கிழிந்துவிடும்.

ஏனென்றால் அந்தச் சீட்டுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு இருந்தது. தட்டில் குனாஃபா இருந்தது. அடியில் உருகிய பாலாடைக்கட்டி, மேலே பொன்னிறச் சேமியா, அதற்கும் மேலே பிஸ்தாத் தூள், எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு பன்னீர் மணக்கும் சர்க்கரைப் பாகு. எனக்கோ ரத்தத்திலேயே சர்க்கரைப் பாகு. ஆறு மாதத்துக்கு முன்னால் டாக்டர் முன்னிலையில் இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். "மறுபடி தொட்டா கார் சாவி எங்கிட்ட. நடந்து போய்ப் பாடம் நடத்துங்க" என்று ருவைதா அங்கேயே தீர்ப்பும் எழுதியிருந்தாள்.

"மிக்தாதுக்கு எதுக்கு சிரமம்? நானே பாத்துடறேன்" என்றேன்.

"போன தடவை நீங்க பாத்ததுல இருந்து ஹார்ன் அடிச்சா வைப்பர் ஆடுது."

"ஆடுதுல்ல? முன்ன ஆடவே இல்லியே!"

மதியம் அவள் கண்ணயர்ந்தாள். பூனைபோலக் கீழே இறங்கினேன். செல்போன் வெளிச்சத்தில் சீட்டுக்கு அடியில் பார்த்தால், தட்டின் விளிம்பு வயரை நெம்பிக்கொண்டு நிற்கிறது. மஞ்சள் பிளக்கின் மேலெல்லாம் பாகு. எறும்புகள் இரண்டு வரிசையாக, போக ஒன்று, வர ஒன்று. எந்தப் பாகம் கெட்டுப்போச்சு என்று மிக்தாத் நாள் முழுக்கத் தேடியிருப்பான். கெடுத்தது பாகம் இல்லை, பாகு.

கைக்குட்டையால் துடைத்தேன். சட்டையாலும் துடைத்தேன். எறும்புகளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிளக்கை அழுத்தி வைத்தேன். விளக்கு அணையவில்லை; போகட்டும், தடயம் போனால் போதும். ஆனால் தட்டில் மிச்சமிருந்த குனாஃபாவை என்ன செய்வது? குப்பையில் போடலாம். ஆனால் உணவை எறிவது பாவம். நான் பாவத்துக்கு அஞ்சுபவன். நாலே வாயில் தடயத்தை அழித்துவிட்டு, வெறும் தட்டைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் சேர்த்தேன்.

மேலே வந்தால், ருவைதா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்க போனீங்க?"

"காத்து வாங்க."

"மீசையில என்ன பச்சையா?"

"கிரீஸ்."

"பச்சை கிரீஸா?"

"புது மாடல் வண்டிக்கெல்லாம் இப்ப பச்சைதான்."

அவள் அதை விரல் நுனியில் எடுத்தாள். முகர்ந்தாள்.

"பன்னீர் வாசனை அடிக்குதே."

"உசந்த ரகம்."

டீ போடுகிறேன் என்று அவள் சமையலறைக்குள் போனாள். கால்மணி நேரம் யாரோடோ போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். டீ வரவேயில்லை. கிரீஸை நம்பிவிட்டாள் என்ற நிம்மதியில் நான் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை மிக்தாத் கடை. நாலு போல்ட்டைக் கழற்றிச் சீட்டைத் தூக்கினான். கீழே பளிங்குபோல் சுத்தம்.

"பாத்தியா உம்மு ஜவாத்? கண்ணாடி மாதிரி இருக்கு!"

"ஆமாங்க. நான்தான் வீணா சந்தேகப்பட்டுட்டேன்."

இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை ஆமோதித்தது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மிக்தாத் உள்ளங்கை அளவு மெஷின் ஒன்றை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"மச்சான், வண்டிக்குள்ள ஒரு மூளை இருக்கு. நடந்ததையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கும். அதை இது படிக்கும்."

"எனக்கே சொல்றியா?" என்றேன். "இந்தக் காலத்துக் கார் எல்லாத்தையும் பதிவு பண்ணும்!"

அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படித்தான்.

"முன் சீட்டுக்கு அடியில பாரம். வட்டமா, தட்டு மாதிரி."

சீட்டு இருந்த இடத்தை இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன்.

"ஈரம் பட்டிருக்கு. தண்ணி இல்ல... இனிப்பு."

ருவைதா கடைக் கூரையில் ஓடும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிஸ்தா கலந்திருக்கு."

"பிஸ்தாவைக்கூடவா காட்டும்?"

"புது மாடல், மச்சான். இருங்க, கணக்கு வருது. வாரத்துக்கு அஞ்சு தடவை. தடவைக்கு ஒரு கிலோ. ஆறு மாசமா. ரமலான்ல பட்டப்பகல்லகூட..."

மனிதன் எதை வேண்டுமானாலும் பொறுப்பான். அபாண்டத்தைப் பொறுப்பானா?

"பொய்! உன் மெஷின் பொய் சொல்லுது! வாரத்துக்கு ரெண்டே தடவை! அதுவும் கால் கிலோ! வல்லாஹி, இறைவன் மேல சத்தியமா, ரமலான்ல நோன்பு திறக்கிறதுக்கு முன்னால தொட்டதே இல்ல!"

பக்கத்துக் கடையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவன்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

ருவைதா திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள். என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

"நாளைக்கு நல்ல செருப்பா போட்டுக்குங்க" என்றாள் பரிவோடு. "ஸ்கூல் நாலு கிலோமீட்டர்."

என்னைக் காட்டிக்கொடுத்த அந்த மெஷினைக் கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். வண்டியில் செருக வேண்டிய அதன் வயர், சுற்றிய ரப்பர் பேண்டோடு மிக்தாதின் சட்டைப் பையிலேயே இருந்தது.