பெரியவர் கேட்டது

"கையெழுத்துப் போடறதுல எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல தம்பி. ஆனா இதுல பிழை இருக்கே" என்றார் பெரியவர்.

குமாஸ்தாவுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் கடைசி மாடி. ஜன்னலை ஒட்டி மேம்பாலம். கையை நீட்டினால் போகிற லாரியின் தார்ப்பாயைத் தொடலாம். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகியிருந்தார்கள். அந்தத் துணி வாங்கும்போது என்ன நிறம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"பிழையா? எங்க சார்?"

"தலைப்புலயே. 'காற்று தர கெடு குறித்த சமரச ஒப்பந்தம்.' ரெண்டு ஒற்றை முழுங்கிட்டீங்க. காற்றுத் தரக் கெடுன்னு வரணும். இப்படியே விட்டா எப்படி வாசிப்பான்? காற்று தர, கெடு. காத்து வேணுமா, அப்ப நீ கெட்டுப்போன்னு அரசாங்கமே முத்திரை குத்திக் குடுத்த மாதிரி இருக்கு."

பெரியவர் ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அவர் கையில் ஒரு தாளைக் கொடுப்பது கரையானிடம் கதவைக் கொடுத்த மாதிரி.

"மாத்தி எடுத்துட்டு வர்றேன் சார்."

"மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவசரம் இருந்தது.

ஊரின் காற்று இன்ன தேதிக்குள் இன்ன அளவுக்குச் சுத்தமாகியிருக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருந்தது. கெடு வந்தது, போனது. காற்று இருந்த இடத்திலேயே இருந்தது. பெரியவரின் மனைவி தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். இருமல் நிற்கவில்லை என்று ஒருநாள் டாக்டரிடம் போனார். "சிகரெட் பிடிப்பீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஊர் பிடிக்குது டாக்டர், நான் இழுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர், அதே வாரம் காற்றுத் துறை மீது வழக்குப் போட்டார். வழக்குக்கு வயது ஏறிக்கொண்டே போனது. அந்தம்மாவுக்குப் பாதியில் நின்றுவிட்டது. அந்தம்மா பெயரிலேயே இருந்த வழக்கை வாரிசாகப் பெரியவர் ஏற்று நடத்திக்கொண்டிருந்தார்.

இப்போது நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது. வருகிற திங்கட்கிழமைக்குள் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் துறைத் தலைவர் நேரில் வந்து கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும்.

துறைத் தலைவர் கூண்டில் ஏறினால் சட்டப் பிரிவு அதிகாரி தெருவில் இறங்க வேண்டியதுதான். அந்த அதிகாரிக்கு ஆபீஸில் வாய்தா என்று பெயர். வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி வாய்தா வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தன் கல்யாணத்துக்கே இரண்டு முறை வாய்தா வாங்கியவர் என்று பியூன் சொல்வார்.

"யோவ், நீ என்ன பண்ணுவியோ தெரியாது" என்று குமாஸ்தாவைக் கூப்பிட்டுச் சொன்னார் வாய்தா. "கெழவர் கையெழுத்தோட வா. உன் மலை டிரான்ஸ்ஃபர்ல நான் கையெழுத்துப் போடறேன். கைக்குக் கை."

மலைமேல் துறைக்கு ஒரு சின்னக் கிளை இருந்தது. அங்கே மாற்றல் கேட்டுக் குமாஸ்தா எழுதிய மனுக்களை அடுக்கினால் அந்த மலையில் பாதி உயரம் வரும். அவர் மகளுக்கு ஏழு வயது. படுத்தால் இழுப்பு வந்துவிடும். தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள். "மருந்து எழுதறேன். ஆனா நிஜமான மருந்து என்னன்னா, ஊரை மாத்துங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். காற்றுத் துறையில் வேலை பார்ப்பவன் காற்றுக்காக ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறான். இதில் ஒரு சிரிப்பு இருப்பது குமாஸ்தாவுக்குத் தெரியாமல் இல்லை. சிரிக்கத்தான் வரவில்லை.

மறுநாள் இரண்டு ஒற்றெழுத்தோடும் படியேறினார்.

பெரியவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்து வாசித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"'ஐந்து ஆண்டுகளுக்குள் காற்றை உரிய தரத்துக்குக் கொண்டுவரத் துறை சம்மதிக்கிறது. இத்துடன் வழக்கு முடித்துக்கொள்ளப்படுகிறது.'" வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

ஆக, ஐந்து வருஷம் அதிகம் என்று வருத்தப்படுகிறார். குமாஸ்தா அப்படித்தான் புரிந்துகொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

"கவலைப்படாதீங்க சார். குறைச்சுக் குடுக்கச் சொல்றேன்."

"அது வந்து தம்பி..."

தம்பி அதற்குள் மூன்றாவது மாடிக்கு இறங்கியிருந்தார்.

வாய்தா அலட்டிக்கொள்ளவில்லை. "மூணுன்னு போடு. கெடுன்னா என்னன்னு நெனச்சே? கோடா? ரப்பர்யா. இழுத்தா வரும்."

மூன்று என்று போட்ட தாளைப் பார்த்ததும் பெரியவரின் முகம் இன்னும் சுருங்கியது.

"மூணா? எதுக்கு இவ்வளவு குறைச்சீங்க? பெரிய காரியம் தம்பி, நிதானமா செய்ய வேண்டாமா?"

குத்திக்காட்டுகிறார் என்று குமாஸ்தாவுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் நிதானமாகச் செய்துதானே இந்தக் கதி. வெட்கத்தோடு திரும்பிப் போனார். சாயங்காலம் இரண்டு வருஷத்தோடு வந்தார். பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஒரே வருஷம். கூடவே மேம்பாலத்தின் கீழே காற்றை அளக்கும் கருவி, பழைய லாரிகளுக்குத் தடை, அதுவும் போதாதென்று கடைசிப் பக்கத்தில் துறையின் ஆழ்ந்த வருத்தம். அந்த வருத்தத்தை எழுதிக்கொடுக்க வாய்தாவுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. பழக்கமில்லாத வேலை.

பெரியவர் வருத்தப் பத்தியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க. ஆனா இதை அவகிட்டல்ல சொல்லணும்? என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அப்ப வேற என்னதான் சார் வேணும்? நீங்களே சொல்லுங்க."

பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒரு லாரி போய் முடிக்கும்வரை காத்திருந்தார். கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"நீங்க பத்து வருஷம்கூட எடுத்துக்குங்க தம்பி. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். லாரியை நிறுத்த வேண்டாம். வருத்தமும் வேண்டாம். கேஸ் மட்டும் அது பாட்டுக்கு ஒரு ஓரமா நடந்துட்டிருக்கட்டும்."

குமாஸ்தா இதை அப்படியே ஆபீஸில் வந்து சொன்னபோது, வாய்தா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"பாத்தியா? நாம கேஸை மூடினாப் போதும், எதை வேணா குடுத்துடறோம்கறோம். அவர் கேஸை மூடாம இருந்தாப் போதும், எதை வேணா விட்டுக்குடுக்கறேங்கறார். இது சாதாரண மூளை இல்லய்யா. பழம் தின்னு கொட்டை போட்டவர். பின்னால ஏதோ பெரிய கை இருக்கு."

"பின்னால ஜன்னல்தான் சார் இருக்கு. ஈரத்துணி செருகியிருக்கு."

"உனக்கு விவரம் பத்தாது. இனி ஒரு எழுத்து மாத்தமாட்டேன். திங்கக்கெழமை கையெழுத்து இல்லேன்னா உன்னை மலைக்கு இல்ல, மேம்பாலத்துக்குக் கீழ மாத்துவேன். கருவி வைக்கப் போறோமே, அதுக்குக் காவலா."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார் குமாஸ்தா. மகள் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வரி எழுதுவாள், நிறுத்துவாள். தோள் ஏறி இறங்கும். அடுத்த வரி.

"அந்தப் பெரியவர்கிட்ட பாப்பாவைப் பத்திச் சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆபீஸ் விஷயத்துல வீட்டை இழுக்கக்கூடாதும்மா."

"இழுக்கக்கூடாதா? அவ இழுக்கறது உங்களுக்குக் காதுல விழலையாங்க?"

விழுந்தது. பக்கத்து வீட்டுக்கே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குமாஸ்தா கடைசித் தடவையாகப் படியேறினார். பழகிப்போனதால் நான்காவது மாடியில் நிற்கவில்லை. பெரியவர் கதவைத் திறந்ததுமே, உட்காராமலேயே சொல்லிவிட்டார்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். இது ஊருக்காக இல்ல, துறைக்காகவும் இல்ல. எனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு. படுக்க முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டா மலைக்கு மாத்தறேன்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான். அதுக்காகத்தான் ஏறி ஏறி வர்றேன்."

பெரியவர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இழுப்பு எப்படி வருது? விசில் மாதிரியா, பூனை மாதிரியா?"

குமாஸ்தா யோசித்தார். இதுவரை எந்த டாக்டரும் அப்படிக் கேட்டதில்லை.

"பூனை மாதிரி சார். ரெண்டு மூணு குட்டி சேர்ந்து கத்தற மாதிரி."

"விடியற நேரத்துல அதிகமா?"

"ஆமா சார்."

"அப்புறம் விசில் ஆகும்" என்றார் பெரியவர். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலிருந்தது. "விசில் ஆகறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிடுங்க."

தாளை வாங்கினார். மூக்குக் கண்ணாடி மேஜைமேல் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, இடம் எங்கே என்று கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

"பிழை இருக்கான்னு பாக்கலையா சார்?"

"இருக்கும் தம்பி. இருந்துட்டுப் போகட்டும்."

படியிறங்கும்போது குமாஸ்தா இரண்டு இரண்டு படியாகத் தாவினார். கல்யாணத்தன்றைக்குக்கூட அவர் அப்படித் தாவியதில்லை.

திங்கட்கிழமை நீதிமன்ற வராந்தா கூட்டமாக இருந்தது. வாய்தா புது டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எதையும் தள்ளிவைக்காமல் முடிக்கப்போகும் முதல் வழக்கு என்பதால் டையின் முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெரியவர் எல்லோருக்கும் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பளபளக்கும் செருப்பு. யாரையோ வரவேற்க ரயில் நிலையத்துக்குக் கிளம்பினவர் போலத் தூணோரமாக நின்றார்.

"உள்ள பெஞ்சு காலியா இருக்கு சார், வாங்க" என்றார் குமாஸ்தா.

"இருக்கட்டும் தம்பி. இங்கயே நல்லாத்தான் இருக்கு."

வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிடும் டவாலி, மார்பில் பட்டையோடு வாசலுக்கு வந்தார். கனைத்துக்கொண்டு, பெரியவரின் மனைவி பெயரை வராந்தாவின் கோடிவரை கேட்கும்படி நீட்டிக் கூப்பிட்டார். நல்ல குரல். கீழே நிறுத்திய சைக்கிள்களைத் தாண்டித் தெருவரைக்கும் போயிருக்கும்.

குமாஸ்தாவுக்கு நிலைகொள்ளவில்லை. டவாலி அடுத்த முறைக்கு மூச்சை இழுக்கும்போதே குறுக்கே ஓடிக் கையைத் தூக்கினார்.

"வந்தாச்சு, வந்தாச்சு. ஆஜர். போதும், உள்ள போலாம்."

டவாலி திறந்த வாயை மூடிக்கொண்டார். பெரியவர் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். எதுவோ சொல்லப்போவது போல உதடு பிரிந்தது. பிறகு உள்ளே நடந்தார்.

அத்தனை வருஷ வழக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நீதிபதி இரு தரப்பையும் பாராட்டினார். ஒரு தனிமனிதர் அரசிடமிருந்து இவ்வளவு வாங்கியதை இதுவரை தான் பார்த்ததில்லை என்றார். சமரசம் பதிவானது, வழக்கு முடித்துவைக்கப்பட்டது. வாய்தா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உறையில் போட்டிருந்த மாற்றல் உத்தரவைக் குமாஸ்தாவின் சட்டைப் பையில் அவரே செருகினார்.

வெளியே வந்ததும் குமாஸ்தா பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். எங்க வீட்டுக்கே மூச்சு விட வழி பண்ணிட்டீங்க. உங்களுக்கும் நிம்மதி. இந்த வயசுல இனிமே இந்தப் படியெல்லாம் ஏறி இங்க வரவே வேண்டாம்."

"ஆமா தம்பி" என்றார் பெரியவர். "வர வேண்டாம்தான்."

அவர் இறங்கிப் போனார். கடைசிப் படியில் ஒருமுறை நின்றார். பிறகு சைக்கிள்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டை மறைந்தது.

டவாலி வாசலில் நின்றபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் ஒண்ணோட நிறுத்திட்டீங்க?" என்று குமாஸ்தாவிடம் கேட்டார். "மூணு தடவை கூப்பிடணும். அதான் முறை."

"ஆள்தான் எதிர்லயே நிக்கறாரே. எதுக்குத் தொண்டையை வீணாக்கணும்?" குமாஸ்தா பையிலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "விடுங்க, அவருக்கென்ன குறை? அவர் கேட்டதுக்கு மேலயே குடுத்தாச்சு."

"அவர் எதையும் கேட்டு வரல சார்" என்றார் டவாலி. "நான் அந்தம்மா பேரைக் கூப்பிடறதைக் கேக்கத்தான் வந்துட்டிருந்தார்."