வேட்டிக்குப் போட்ட நீலம்

உ
தண்டாயுதபாணி துணை

ஞானவேல் போட்டோ ஸ்டூடியோ,
அடிவாரம், பழனி.
ஆவணி மாதம், 1963.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் சுப்புராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை தமயந்தியின் கணவன் ஞானவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. மலைமேல் நிற்கிறவன் புண்ணியத்தில் இங்கு நான், தமயந்தி, அவளுடைய கோபம் ஆகிய மூவரும் சௌக்கியம். மதுரையில் நீங்களும் அக்காவும் குழந்தைகளும் காலண்டர் ஏஜென்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. முதல் காரியமாக ஒன்று செய்யுங்கள். கொடைக்கானல் பங்களாவை எடுத்து, ஆனி பிறந்த சமயம் உங்களுக்கு ஒரு மஞ்சள் படம் அனுப்பினேனே, அதைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு வந்து மேற்கொண்டு படியுங்கள். என் பெயரைக் கெடுக்கவென்றே பிறந்த படம் அது. அதன் நெகட்டிவை நானே துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் கொட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருப்பதுதான் சரியான படம். சுவர் எப்படி வெள்ளையாக இருக்கிறது என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சிவகாசிக்கு அனுப்பலாம். இவ்வளவு தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டு நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. காரணம் நான்தான். அவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் உங்களுக்குத் திருப்தி இருக்காது என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

இது உங்கள் ஏஜென்சிக்குக் கிடைத்த முதல் கலர் காலண்டர் ஆர்டர் என்பது எனக்கு மறக்கவில்லை. எஸ்டேட் முதலாளி பொன்னுச்சாமி ஐயா, செண்பகனூருக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் கட்டிய அந்த நூறு வருஷத்துப் பங்களாவை வாங்கிப் பழுதுபார்த்து, கூட நின்று வெள்ளையடித்து, கூரை விளிம்பு முழுக்க பல்பு மாட்டிவிட்டு, விளக்கு எரிகிற அழகோடு ராத்திரிப் படமாகத்தான் வேண்டும், ஆனால் சுவர் மட்டும் பால்வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று கட்டளை போட்டார். ஆவணிக்குள் படம் போய்ச் சேராவிட்டால் சிவகாசி அச்சகத்தார் கையிருப்பில் இருக்கிற பச்சைக்கிளியைப் போட்டுவிடுவார்கள், ஆர்டரும் கிளியோடு பறந்துவிடும் என்றீர்கள். அப்போது தமயந்திதான், “எங்க வீட்டுக்காரரு எடுப்பாருண்ணே” என்று சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிறந்த வீட்டாரிடம் அவள் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. பக்கத்தில் நின்ற நான் அப்போதே மறுத்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் மச்சான், நான் இத்தனை கூத்தும் ஆடினேன்.

என் தொழில் லட்சணம் நீங்கள் அறிந்ததே. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையை வெயிலில் நிறுத்தி, பளபளப்பு அடிக்காமல் கறுப்பு வெள்ளையில் எடுப்பதற்கு அடிவாரத்தில் என்னை விட்டால் ஆளில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது சித்திரை மாதம் வரை எனக்கே தெரியாது. சிங்கப்பூரிலிருந்து காவடி எடுக்க வந்த ஒரு புண்ணியவான் மூன்று கலர் பிலிம் சுருளை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றை மாட்டிக்கொண்டு கேமராவும் ஸ்டாண்டுமாக பஸ் ஏறி, மலை வளைவுகளில் வயிற்றில் இருந்ததையெல்லாம் ஒப்படைத்துவிட்டு, கிளாவரை ஊர்க்காரரான பங்களாக் காவற்காரர் ராமர் பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும் ஷட்டரைத் திறந்துவைத்துப் படம் எடுத்தேன். என் கண்ணுக்குச் சுவர் வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தது. பம்பாய் கலர் லேபிலிருந்து படம் வந்தபோது சுவர் செங்கல் நிறம், புகைபோக்கி செங்கல் நிறம், வாசலில் நின்ற ராமரும் செங்கல் நிறம். தமயந்தி பார்த்துவிட்டு, தீயை அணைத்துவிட்டார்களா என்று கேட்டாள். பகல் வெளிச்சத்துக்கென்று செய்த பிலிமாம் அது. பல்பு வெளிச்சத்தில் இருக்கிற சிவப்பை நம் கண் கண்டும் காணாமல் விட்டுவிடும், பிலிம் விடாதாம். அடுத்த தடவை அதே விளக்கொளியில் படத்தின் ஓரத்தில் சுத்த வெள்ளைப் பொருள் ஒன்றை வையுங்கள், பிரிண்ட் போடும்போது அதை வெள்ளைக்குக் கொண்டுவந்தால் மற்ற நிறமெல்லாம் தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும் என்று லேப்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

வெள்ளைப் பொருள் என்றதும் எனக்கு வேட்டிதான் ஞாபகம் வந்தது. தமயந்தியிடம் சொன்னேன். அண்ணன் காரியமாயிற்றே, வெள்ளனே எழுந்து, என் கல்யாண வேட்டியை அடித்துத் துவைத்து, வழக்கமாக ஒரு முக்கு முக்குகிற நீலத்தில் நாலு முக்கு முக்கி, கஞ்சி போட்டு, காயவைத்து மடித்துக் கொடுத்தாள். கண் கூசியது. வைகாசியில் மறுபடியும் மலையேறி, பங்களா வராந்தாவின் ஓரத்தில் கொடி கட்டி வேட்டியைத் தொங்கவிட்டுப் படம் எடுத்து, பம்பாய்க்கு ஒரு குறிப்பும் எழுதினேன். ஓரத்தில் தொங்குவது சுத்த வெள்ளை, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், அதை வைத்தே எல்லாவற்றையும் திருத்துங்கள் என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். படித்த மனிதர்கள் அல்லவா, சொன்னபடியே செய்துவிட்டார்கள். வேட்டி தும்பைப்பூவாக வந்தது. பங்களா மட்டும் மஞ்சள்பூசிக் குளித்துவிட்டு வந்து நின்றது. ஆத்திரத்தில் உங்களுக்கு ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, வேட்டியை எடுத்து ஜன்னலோரம் வெள்ளைக் காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மச்சான், அது நீல வேட்டி. இத்தனை வருஷமாக நான் நீல வேட்டிதான் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர்கள் வேட்டியில் இருந்த நீலத்தைப் போக்குகிறேன் என்று, பங்களாவில் இருந்த நீலத்தையும் சேர்த்து எடுத்துவிட்டதால்தான் இந்த மஞ்சள்.

இதை நான் மனசோடு வைத்திருக்கலாம். வைத்திருந்தால் நான் எதற்கு நானாக இருக்கிறேன். நீ போட்ட நீலம்தான் பங்களாவைக் கெடுத்தது என்று தமயந்தியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எங்கண்ணன் சோலின்னு பாத்துப் பாத்து வெளுத்தேன். எனக்கு இந்தப் பேரா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் துணிக்கு நீலம் கிடையாது. இப்போது என் வேட்டிகள் எல்லாம் பழுத்த நிறத்துக்கு வந்து, அடிவாரத்துக் கடைக்காரர்கள் என்ன விரதம் என்று விசாரிக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு முதலாளியம்மா சிவபாக்கியம் மலையிறங்கி வந்தபோது நம் வீட்டில் காபி சாப்பிட்டுப் போனார்கள். அந்த மஞ்சள் படம் அவர்கள் கண்ணில் பட்டால் மானம் போகும் என்று, கையிலிருந்த பிரதியை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அன்று முதல் அதைக் காணோம். கோபத்தில் தமயந்தியே கிழித்துப் போட்டிருப்பாள். நல்லதாகப் போயிற்று.

மூன்றாவது சுருளுக்கு நான் யாரையும் நம்பவில்லை, பழனியாண்டவனைத்தான் நம்பினேன். உலகத்தில் திருநீறைவிடச் சுத்தமான வெள்ளை ஏது. ஒரு பலகையில் நனைத்துப் பூசி ஓரத்தில் வைத்துவிடலாம் என்று ஆனிக் கடைசியில் போனேன். பூசிய பிறகுதான் புத்தி வந்தது, திருநீற்றுப் பலகையைத் தரையில் எப்படி வைப்பது. சுவரில் மாட்டலாம் என்றால், முதலாளி வெள்ளையடித்த சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ராமர் குறுக்கே நின்றார். கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால் தனக்குச் சளி என்றார். மேகம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, இருந்த கொஞ்ச வெளிச்சமும் மங்குகிறது. வேறு வழி தெரியாமல் சட்டையைக் கழற்றினேன் மச்சான். நெற்றி, மார்பு, வயிறு, கை என்று இடம் விடாமல் திருநீறு பூசிக்கொண்டு, படத்தின் வலது ஓரத்தில் போய் நானே நின்றுகொண்டேன். ஷட்டரைத் திறந்துவிட்டு, நிதானமாக நூற்றெட்டு முருகா சொல்லிவிட்டு மூடும்படி ராமரிடம் சொல்லியிருந்தேன். கொடைக்கானல் குளிரில் வெற்றுடம்போடு நூற்றெட்டு முருகா என்பது எவ்வளவு நீளம் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. பாதியில், கூக்கால் கிராமத்திலிருந்து பூண்டு மூட்டை இறக்கிவிட்டு அந்தப் பக்கமாக வந்த ராக்காயி என்கிற அம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் நிற்கிற திருநீற்று உருவத்தைக் கண்டால் அவள்தான் என்ன செய்வாள். போகர் சித்தர் பரம்பரையில் யாரோ குகையை விட்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்து, நேரே வந்து காலில் விழுந்து, மடியில் இருந்த மலைப்பூண்டை என் முன்னால் வைத்து, காணாமல் போன தன் பசுமாடு எங்கே கெடக்கு என்று கேட்கிறாள். நான் வாயைத் திறந்தால் படம் ஆடிவிடும். திறக்காததால் சித்தர் மௌனவிரதம் என்று முடிவு கட்டி, மாட்டின் கொம்பு, சுழி, அது புருஷனை முட்டிய வரலாறு எல்லாம் சொல்லி அழுதாள். இடையில் எனக்கு ஒரு தும்மல் வந்தது. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நேற்று பம்பாயிலிருந்து படம் வந்தது. சுவர் வெள்ளை, வானம் கருநீலம், பல்பு பல்பாக இருக்கிறது. திருநீறு வேலையைக் காட்டிவிட்டது. வலது ஓரத்தில் இரண்டு தலையோடு ஒரு பெரியவர் நிற்கிறார், அவரை வெட்டிவிடலாமா என்று லேப்காரர்கள் கேட்டிருந்தார்கள். தும்மியதால் வந்த தலை அது. நீங்கள் தாராளமாக வெட்டிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. தமயந்தியிடம் படத்தைக் காட்டினேன். நல்லாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். படம் சரியாகிவிட்டது, ஆனால் அவள் சரியாகவில்லை. அந்த வேட்டியைப் பற்றி நான் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் அண்ணன் என்ற முறையில் அவளுக்குத் தனியாக நாலு வரி எழுதினால் உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதத்தையும், அக்காவுக்குத் தமயந்தியின் விசாரிப்பையும் சொல்லவும். முருகன் அருளால் பால்வெள்ளைப் பங்களா எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரு வருஷம் தொங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கொடுத்த வாக்கை ஒருவழியாகக் காப்பாற்றிவிட்ட
ஞானவேல்

பின்குறிப்பு: மச்சான், அடுப்பில் போட்டுவிட்டீர்களா? போட வேண்டாம்.

உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ராமர் வந்து நிற்கிறார். கையில் ஒரு மூட்டை மலைப்பூண்டு. ராக்காயியின் மாடு மறுநாளே தானாக வீடு வந்து சேர்ந்துவிட்டதாம், சாமிக்குச் செலுத்தச் சொல்லிக் கொடுத்தாளாம், அடுத்து எப்போது வருவீர்கள் என்று கேட்டாளாம். அது போகட்டும். போகிற போக்கில் ராமர், “பங்களாவ இப்பப் பாக்கணுமே நீங்க. முச்சூடும் மஞ்ச அடிச்சு முந்தாநேத்துத்தான் முடிஞ்சிச்சு” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமயந்தியைப் பார்த்தேன். பாதியை அவளும் மீதியை ராமரும் சொன்னார்கள். ஆடிக் கிருத்திகையன்று நான் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில், அலமாரியில் இருந்த மஞ்சள் படத்தை இவள் சிவபாக்கியம் அம்மாவுக்குப் பஞ்சாமிர்தத்தோடு வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்த அம்மாள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆண்டவனுக்குச் சந்தனக் காப்பு சாத்தியது மாதிரியே இருக்கிறது, பழனியிலிருந்தே உத்தரவு வந்துவிட்டது என்று புருஷனிடம் சொல்ல, பொன்னுச்சாமி ஐயா ஆளை வரவழைத்து, மழை விட்ட நேரமெல்லாம் சாரம் கட்டி, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அதே நிறம் வரும்வரை பூசச் சொல்லியிருக்கிறார். பங்களாவைப் போலப் படத்தைத் திருத்த நான் மூன்று மாதம் பாடுபட்டேன். அவர்கள் படத்தைப் போலப் பங்களாவைத் திருத்திவிட்டார்கள். இனி வெள்ளைப் படத்தைக் காலண்டரில் போட்டால் முதலாளி வாங்க மாட்டாராம்.

நெகட்டிவ் குப்பையோடு போய்விட்டது. பங்களாவில் இருந்த பிரதி பெயிண்டர் கைபட்டுக் கெட்டுவிட்டது. உலகத்தில் மிச்சம் இருப்பது உங்களிடம் உள்ள ஒன்றுதான், அதையே சிவகாசிக்கு அனுப்புங்கள். மேலே அடுப்பைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாம் என்றால், அதை அடித்தால் கடிதம் முழுவதையும் அடிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு எழுதியதைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தமயந்தி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

“அண்ணன் உங்க கடுதாசிய எப்பவும் கடைசிப் பக்கத்துலருந்துதான் படிப்பாரு. சங்கதி அங்கதான இருக்கும். அங்க முடிஞ்சதும் மடிச்சு வச்சிருவாரு. வெரசா ஒட்டிக் குடுங்க, தபாலு போயிரும்.”

சொல்லிவிட்டு, கொல்லையில் என் வேட்டியை எடுத்து நீலத்தில் முக்கிக்கொண்டிருக்கிறாள். நாலு முக்கு.