புத்தகத்துக்கு வெற்றிலை வைத்த கங்காணி

புத்தகத்துக்குள் இருக்கிற புருஷன் பெண்டாட்டிக்கு வெற்றிலை பாக்கு வைத்துப் பஞ்சாயத்துக்கு அழைத்த மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் பதுளையில் எங்கள் துணிக்கடைக்கு ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தார். தோட்டத்து ஆட்களும் சரி, கடைத்தெருவும் சரி, தீர்ப்புக் கங்காணி என்றுதான் அவரைச் சொல்வார்கள்.

கறுப்புக் கோட்டு, கட்டம் போட்ட தலைப்பாகை, கக்கத்தில் குடை. கொட்டுகிற மழையிலும் அந்தக் குடை விரிந்து நான் பார்த்ததில்லை. வழக்கில் பேச எழுகிறவனை உட்காரச் சொல்லிக் காட்டுவதற்காகவே அதை வைத்திருந்தார். இரண்டு பேர் கொஞ்சம் உரத்துப் பேசிவிட்டால் போதும், நடுவில் வந்து குந்திக்கொள்வார். அவர்கள் சண்டை போடவில்லை, ஒருவருக்குக் காது மந்தம் என்று சொன்னாலும் விடமாட்டார்.

ஒரு நாள் எங்கள் கடையில் ஒரே சேலைக்கு இரண்டு பெண்கள் ஆசைப்பட்டுவிட்டார்கள். நான்தான் முதலில் தொட்டேன் என்கிறாள் ஒருத்தி, நான்தான் முதலில் பார்த்தேன் என்கிறாள் மற்றவள். கங்காணி இரு தரப்பையும் பொறுமையாக விசாரித்து, சேலையை எடுத்து, மண்ணெண்ணெய் வாங்கப் போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்ற மூன்றாவது பெண்ணின் கையில் கொடுத்தார்.

"எனக்கு வேணாங்க" என்றாள் அவள்.

"அதனாலதாம்மா உனக்கு. வேணும்னவங்க ரெண்டு பேரும் சண்டக்காரங்க. தீர்ப்பு ஆயிருச்சு, போ."

அவள் அழாத குறையாகச் சேலையோடு போனாள். அடுத்த ஞாயிறு அவள் புருஷன் அதைத் திருப்பிக்கொண்டு வந்தான். கங்காணி அசையவில்லை. நமுனுகுல மலை நகர்ந்தாலும் நகரும், சொன்ன தீர்ப்பை அவர் மாற்றமாட்டார்.

ஊர் வழக்கையெல்லாம் தீர்க்கிறவர் வீட்டில் ஒரு வழக்கு தீராமல் கிடந்தது. அதற்குக் காரணம் ஒரு பூசணிக்காய். கங்காணியம்மா தங்கள் லயத்துக் காம்பிராவின், அதாவது வரிசை வீட்டு அறையின், பின்னால் ஒரு பூசணிக்கொடி போட்டிருந்தாள். அது எல்லை பார்க்காமல் அடுத்த காம்பிராக் கூரையில் ஏறிக் காய்த்துவிட்டது. காய் எங்கள் கூரையில் இருக்கிறது, எங்களுக்குத்தான் என்றார்கள் பக்கத்து வீட்டார். கங்காணி உடனே குடையை எடுத்தார். கூரைக்காரனுக்கே காய் என்று தீர்ப்புச் சொன்னார். மனைவியை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "நம்ம வீட்டுக்காரியாச்சேன்னு பார்த்தேனா? பார்க்கலியே" என்று பல நாள் எங்கள் கடையிலேயே மார்தட்டிக்கொண்டார். வீட்டுக்காரி அன்றைக்கு வாயை மூடினவள்தான். பல வருஷமாகியும் அவரிடம் ஒரு பேச்சுப் பேசவில்லை.

அப்படியானால் குடித்தனம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அவர்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது. துணி ஆர்டர் எடுக்கத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கூத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"ஏ ஆடே, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பாள் அந்த அம்மாள்.

"இந்தா ஆடு, கை கழுவிட்டு வர்றேன்னு சொல்லு" என்பார் இவர்.

ஆடு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அசைபோடும். தோட்டத்துத் துரையின் துபாஷிக்குக்கூட அவ்வளவு வேலை இருந்திருக்காது.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, கலியாணம் ஆகவில்லை. பெரியப்பா கடையில் துணி கிழித்துக்கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும், சென்னையிலிருந்து பாகம் பாகமாக வரும் நாவல்களை உரக்கப் படிப்பேன். கப்பலில் வந்து, பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அதற்குமேல் ரயில் இல்லாததால் மாட்டு வண்டியில் பதுளைக்கு வந்து சேரும் அந்தப் புத்தகங்கள். எழுதினவர்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில் ஒரே எண்ணம்: புருஷன் பெண்டாட்டியை ஒரு நாளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட விடக்கூடாது. மாமியார் சூடு வைப்பாள், நாத்தனார் கோள் மூட்டுவாள், புருஷன் சந்தேகப்படுவான். தோட்டத்து ஜனம் கடை கொள்ளாமல் உட்கார்ந்து கேட்கும். கங்காணி ஆண்கள் பக்கத்துக் கோடியில் இருப்பார். கங்காணியம்மா பெண்கள் பக்கத்துக் கோடியில். ஆட்டைக் கடைக்குள் விடமாட்டோம் என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கங்காணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அச்சில் வருகிறவர்கள் எல்லாரும் சென்னைப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார்கள் என்றே நம்பினார். ஒரு கதையில் தாய்வீட்டு ஆதரவில்லாத ஒரு பெண் பிள்ளை பெற்றாள். அடுத்த வாரம் கங்காணி ஒரு பொட்டலத்தோடு வந்தார். சுக்கு, பூண்டு, ஓமம்.

"புள்ளப் பெத்தவளுக்குக் குடுக்க ஆளில்லீங்களே தம்பி. புஸ்தகம் வர்ற வண்டியிலேயே திருப்பி அனுப்பிருங்க."

அது வெறும் கதை என்று நான் எடுத்துச் சொன்னேன். "கதையில இருக்கறவளுக்கு மட்டும் வயித்துவலி வராதா?" என்று கேட்டார். பொட்டலத்தை வாங்கி வைத்தேன். அந்தப் பூண்டில் எங்கள் கடையில் ஒரு வாரம் ரசம் மணத்தது.

பிறகு வந்தாள் நீலாயதாட்சி. தங்கமான பெண். போலீசுக்குப் பயந்து ஒளிந்து திரிந்த தன் தம்பிக்குக் கொல்லைப்புறத்தில் யாருக்கும் தெரியாமல் சோறு போட்டாள். புருஷன் சபாபதி அதைத் தூரத்தில் நின்று பார்த்தான். அது யார் என்று கேட்கவில்லை. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டான். அவள் அழுதுகொண்டே ஊர்க்கிணற்றைப் பார்த்து நடக்கிறாள். அந்த இடத்தில், "மிகுதி அடுத்த பாகத்தில்" என்று போட்டு எழுதினவர் போய்த் தூங்கிவிட்டார்.

கங்காணிக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த பாகமோ வந்தபாடில்லை. வார நாளில்கூட மலையிறங்கி வந்து, "வண்டி வந்துச்சுங்களா தம்பி? அந்த நீலாப் புள்ள என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவார். கண் குழிந்திருந்தது. ஒரு கதைக்கா இத்தனை என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டேன்.

அந்த வாரம் தோட்டத்துக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கொஸ்லந்தைத் தோட்டத்தில் இருந்த கங்காணியம்மாவின் அண்ணன் குடும்பத்தோடு கடல் தாண்டி ஊருக்கே திரும்பப் போகிறார். அந்த அம்மாள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ ஆடே, அமாவாசை கழிஞ்சா நான் அண்ணங்கூடத் துறையூருக்குப் போறேன்னு சொல்லிரு. திரும்பி வரலேன்னும் சொல்லிரு."

கங்காணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். தொண்டையைக் கனைத்தார். "போறவங்க போகட்டும்னு சொல்லு ஆடு" என்றார். ஆனால் குடை கைதவறிக் கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்காமல் நின்றார்.

அடுத்த ஞாயிறு கடைக்கு வந்தார். சபாபதி நீலாயதாட்சி புத்தகத்தைக் கேட்டு வாங்கி மேஜைமேல் வைத்தார். மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, அதன் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாக வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் வெத்தல வச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க மாரியம்மன் கோயில் முன்னாடி பஞ்சாயத்து. வந்து சேரச் சொல்லுங்க."

"அவர்கள் எப்படிங்க வருவார்கள்?"

"வரலேன்னா அவங்க பக்கத்துல யாராச்சும் நின்னு பேசலாம். அதுதானே வழக்கம். ஒரு பொம்பளப் புள்ள கெணத்தங்கரையில நிக்குது, நாம வண்டி வரட்டும்னு உக்காந்துக்கிட்டு இருக்கறதா?"

கோயில் முன்னால் அன்று தோட்டமே திரண்டிருந்தது. சபாபதிக்காகப் பேச ஒருவனும் முன்வரவில்லை. கலியாணமான ஆண்கள் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியவர்கள், அவர்களைக் குறை சொல்லமுடியாது. கங்காணியின் கண் என்மேல் விழுந்தது.

"தம்பி, நீங்க நில்லுங்க. உங்களுக்குப் பொண்டாட்டி இல்ல, பயமும் இல்ல."

பெண்டாட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய பாவியாக நான் நடுவில் நின்றேன். பெண்கள் பார்த்த பார்வையில் என் வேட்டி பற்றிக்கொள்ளாதது ஆச்சரியம். "நீலாப் புள்ளைக்காக யார் பேசறது?" என்று கங்காணி கேட்டு வாய் மூடவில்லை, கூட்டத்தின் பின்னாலிருந்து கங்காணியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் சோறு போட்டது யாருக்குன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

"கட்டுனவ வாயத் தொறந்தா வானம் இடிஞ்சிருமா? ஊருல உள்ளவன் எல்லாம் பேசலாம், நாய் நரி பேசலாம், நான் பேசக்கூடாதா?"

"சபாஷ். நல்லாக் கேளு புள்ள" என்றார் கங்காணி, நீதி உணர்ச்சி பொங்கி. குடையால் என்னைச் சுட்டினார். "இவன் மனுசனா இவன்? விசாரிக்காமத் தீர்ப்புச் சொல்றவன் வெளங்குவானா?"

அந்த அம்மாள் விடவில்லை. "மழைக்கும் பனிக்கும் மண்ணணைச்சு வளத்தேன். அந்தப் பூசணிக்காய யாருக்கு வச்சிருந்தேன்னு கேட்டீங்களா?"

நான் படித்த படிப்பு சும்மா இருக்கவிடவில்லை. "புத்தகத்தில் பூசணிக்காய் எங்கேயும் வரவில்லையே" என்றேன்.

"குறுக்க பேசாதீங்க தம்பி" என்று அதட்டின கங்காணி, அப்படியே நின்றுவிட்டார். குடை தாழ்ந்தது. அவர் பல வருஷத்தில் முதல் தடவையாக அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கு வச்சிருந்த?" என்றார். நடுவில் ஆடு இல்லை.

"காச்சல்ல கெடந்து எந்திரிச்சீங்களே அப்ப. நாக்கு கசக்குதுன்னீங்க. பூசணிக்கா கூட்டுன்னா ரெண்டு வாய் கூடத் திம்பீங்கன்னு வச்சிருந்தேன்."

கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்தார். மறுபடி சரிசெய்தார். தீர்ப்புச் சொல்லும் குரலை வரவழைக்கப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தே சொன்னார்:

"தப்பு புருசன் மேலதான். விசாரிக்காமச் சொன்னது தீர்ப்பே இல்ல, தள்ளுபடி. அவன் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு சபையில மன்னிப்புக் கேக்கணும். இனிமே ஊரு வழக்குக்குப் போறதுக்கு முந்தி, வீட்டுல இருக்கறவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் போகணும்."

சபாபதி என்ற முறையில் நான் துண்டை இடுப்பில் கட்டப்போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். தன் தோள் துண்டை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்தப் பெரிய மனுஷன், அத்தனை ஆட்கள் முன்னால், மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார். "போகாத புள்ள" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

அண்ணன் தனியாகத்தான் துறையூருக்குப் போனார். வேலை போன ஆட்டை அடுத்த வாரமே விற்றுவிட்டார்கள்.

அதற்குப்பின் ஒரு வழியாக வண்டி வந்தது. ஞாயிறு மத்தியானம் படிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே நீலாயதாட்சி கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். மாற்றிப் படித்துவிடலாமா என்று தலை நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கங்காணி, பெரியப்பாவின் முறைப்பையும் மீறிப் புருஷன் பக்கத்திலேயே கங்காணியம்மா. உள்ளது உள்ளபடி படித்துவிட்டேன்.

"நம்ம தீர்ப்பு போய்ச் சேரலீங்க தம்பி" என்றார் கங்காணி. "வண்டி சொணங்கியிருக்கும்."

"பாவி மக, இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக்கூடாதா" என்று கங்காணியம்மா மூக்கைச் சிந்தினாள்.

கங்காணி எழுந்தார். "வாங்க தம்பி, ஓயாவுக்கு. தல முழுகணும்."

"நான் எதற்குங்க?"

"சபையில புருசனா நின்னது நீங்கதானே?"

பதுளு ஓயா ஆற்றுத் தண்ணீர் எலும்பைத் தொடும். அதில் என் தலையைப் பிடித்து மும்முறை அமுக்கினார். பாலத்தின்மேல் போனவர்கள் யாருக்கு என்ன என்று விசாரித்தார்கள். "இந்தத் தம்பியோட சம்சாரம் கெணத்துல விழுந்து போயிருச்சுங்க" என்று எல்லாருக்கும் துக்கத்தோடு பதில் சொன்னார். அதனால் எனக்குப் பண்டாரவளையில் பேசி முடித்திருந்த பெண் கைவிட்டுப்போனது வேறு கதை.

கரையில் நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து என் தலையைத் துவட்டினார். காதுமடல், பிடரி எல்லாம் பார்த்துப் பார்த்துத் துவட்டினார். "அழணும்னா அழுதுருங்க தம்பி, நான் இருக்கேன்" என்றார். என்ன மாயமோ, எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பின்னால் எனக்கு உண்மையான துக்கங்கள் வந்தன. வந்து போனவர்கள் நல்லவர்கள்தான், ஆறுதலும் சொன்னார்கள். யாராவது என் தலையைத் துவட்டமாட்டார்களா என்றுதான் ஒவ்வொரு தடவையும் எனக்கு இருந்தது.