மச்சான் ஒப்படைத்த விமானம்

தங்கச்சாமி ரிமோட்டில் விரலை அசைக்கக்கூட இல்லை. அதற்குள் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பிவிட்டது. அமுக்கினால் தலைகுப்புறப் பாய்கிறது, விட்டால் மறுபடி அண்ணாந்து பார்க்கிறது. ஒருவழியாகச் சேத்தூர்த் தரிசில் தொப்பென்று இறக்கினான்.

விமானம் அவனுடையது அல்ல. ராணுவத்தில் இருக்கும் மச்சான் இசக்கிமுத்துவுடையது. பேட்டரியில் ஓடுகிற பொம்மை விமானம்தான், ஆனால் ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடிக்கிற சாதி. ஆயுத பூஜைக்கு லீவில் வந்தவர், பூஜைக்கு மறுநாள் இரண்டு இறக்கைக்கும் அடியில் விரல் வைத்துத் தூக்கி, ஆடாமல் நிற்கும்வரை பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்.

"மாப்ள, சும்மா போட்டு வைக்காம அப்பப்ப பறக்க விடுங்க. பேட்டரி மட்டும் இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. கனம் மாறுச்சுன்னா பேய் புடிச்ச மாதிரி ஆடும்."

மில் எலக்ட்ரீசியனுக்குப் பெண் கிடையாது என்று மாமனார் முறுக்கிக்கொண்டு நின்றபோது, "எந்தங்கச்சி அங்க நல்லா இருப்பா" என்று பேசிய ஒரே ஆள் இசக்கிமுத்து. அந்த நன்றியைத் தங்கச்சாமி ஒரு நாளும் மறந்ததில்லை. தன் பைக்கைக்கூடத் துடைக்காதவன், விமானத்தைத் தினமும் துடைத்தான். மார்கழி வரை சொன்ன பேச்சு கேட்டுப் பறந்தது. தை பிறந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூக்கைத் தூக்க ஆரம்பித்தது.

இப்போது பங்குனி. மச்சான் சாயங்காலம் ராஜபாளையத்தில் வந்து இறங்குகிறார்.

பேட்டரியை முன்னால் தள்ளிப் பார் என்று புத்தி சொன்னது. மச்சான் போட்ட கோட்டைத் தாண்டுவதா? மூக்கு தாழட்டும் என்று வால் தகட்டை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு மறுபடி கிளப்பினான். மெதுவாகப் போனவரை ஒழுங்காகப் போனது. வேகம் கூட்டியதும் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய்க் கருவேல மரத்தில் மோதி வாலை ஒடித்துக்கொண்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, வால் தகட்டைப் பழையபடி நேராக்கி, ஒடிந்த இடத்தில் மூங்கில் சிம்பு வைத்துப் பசையை அப்பினான். மனைவி பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு பட்டுருச்சுங்க. அம்புட்டுப் பேரும் அதையே பாத்தா?"

"ஏட்டி, இது காத்து, கனம், கணக்கு. ஒன் திருஷ்டிக்கெல்லாம் இங்க வேல இல்ல."

பசை காய்ந்ததும் வாசலில் ஒரு சுற்று விட்டுப் பார்த்தான். கனத்த வால் கீழே தொங்க, விமானம் அந்தரத்தில் நின்று கிறுகிறுத்து வைக்கோல் போரில் விழுந்தது. அதற்குமேல் தொடத் தைரியம் இல்லாமல் ஒரு மூலையில் சாத்திவிட்டு, மச்சானைக் கூட்டிவரப் போனான்.

வந்தவர் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. விமானத்தைத் தூக்கிக்கொண்டு தரிசுக்கு நடந்தார்.

"மச்சான், அந்த வாலு..."

"செத்த இருங்க மாப்ள. பறக்க விட்டுட்டுப் பேசுவோம்."

தங்கச்சாமி கண்ணை மூடிக்கொண்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு மாலை வாங்கிச் சாத்துவதாக வேண்டிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது விமானம் கோடு கிழித்தாற்போல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. குட்டிக்கரணம் அடித்தது, மல்லாந்து பறந்தது, பூப்போல வந்து இறங்கியது.

இசக்கிமுத்து இறக்கைக்கு அடியில் விரல் வைத்துத் தூக்கினார். இம்மி சாயவில்லை. அப்புறம்தான் ஒட்டுப்போட்ட வாலைக் கவனித்தார்.

"வால ஒட்டியும் கனம் மாறல பாருங்க. நானே ஒட்டியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது. உங்கள நம்பித் தங்கச்சியக் குடுத்தது வீண் போகல."

தங்கச்சாமி குனிந்து இறக்கையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தான். "எல்லாம் நீங்க அன்னைக்கு வச்ச கனம் மச்சான்."

"அதுவும் சரிதான்" என்றார் இசக்கிமுத்து, மீசையைத் தடவியபடி.

மிச்சக் காப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்த பாண்டீஸ்வரி டம்ளரை அண்ணனிடம் நீட்டினாள்.

"பூசையன்னைக்கு அதோட மூக்குக்குள்ள கெட்டி வச்ச எலுமிச்சம்பழம் சுண்டைக்காயா வத்திக் கெடந்துச்சுண்ணே. நீ வாரதுக்கு முன்னாடிதான் மாத்துனேன், வாலு வேற ஒடைஞ்சிருக்கேன்னு இந்தவாட்டி ரெண்டா."