நிற்கும் நிர்வாகம்

உலக நிர்வாக வரலாற்றை இரண்டே பாகமாகப் பிரித்துவிடலாம்: அதிகாரிகள் உட்கார்ந்திருந்த இருண்ட காலம்; அவர்கள் எழுந்து நின்ற பொற்காலம். அந்தப் பொற்காலம் மத்திய ஜாவாவில், ஏழைகளின் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி வழங்கும் ஒரு சிற்றூர் அலுவலகத்தில் பிறந்தது. அதைப் பெற்றெடுத்த மகான், அலுவலகத் தலைவர் சுவிக்னியோ; 'ஐயா' என்னும் ஜாவா மரியாதையோடு சொன்னால், பாக் சுவிக்னியோ. பிரசவ வலி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இடம்தான் வேறு.

அவருக்கு மூலம். காலமெல்லாம் உட்கார்ந்து ஆற்றிய சேவைக்கு அரசு தராத பரிசை உடம்பே கொடுத்திருந்தது. அறுத்துத்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன அதே வாரம், பெரிய ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக் காரியத்தை முடித்துக்கொண்டார். கத்திக்கு அவர் பயப்படவில்லை. ஊர் சிரிப்புக்குத்தான் பயந்தார். மாவட்டத்தில் ஒரு பெரிய பதவி காலியாக இருந்தது. மூலக்காரர் என்று பெயர் வாங்கியவரை எந்த மேலிடமும் மேலே உட்கார வைக்காது என்பது அவர் கணக்கு. ஆகவே மனைவி ரஹாயுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "யார் கேட்டாலும் இடுப்பு நரம்புன்னு சொல்லு. அதுக்குக் கீழ இறங்காத."

அந்த ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அலுவலகம் மொத்தமும் பஸ் பிடித்துப் பார்க்க வரும். வந்தது. துணைத் தலைவர் ஹர்யாடியின் முன்னிலையில் கட்டிலைச் சுற்றி நின்று, இடுப்பு நரம்பைப் பற்றி ஆளுக்கொரு "ஆய்வுரை" நிகழ்த்தினார்கள். பிறகு கூடையைத் திறந்தார்கள். கூடை நிறைய சலாக் பழம். சலாக் வயிற்றைக் கட்டும் என்பது ஜாவாவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். இடுப்பு நரம்புக்காரருக்கு அதனால் என்ன?

"உங்களுக்குப் பிடிக்குமேன்னு தோட்டத்துக்கே போய்ப் பொறுக்கி எடுத்தோம், பாக்," என்றார் ஹர்யாடி. "எங்க முன்னாடி ஒன்னே ஒன்னு சாப்பிடணும்."

ஜாவாக்காரர் உயிரை விடுவார், வந்தவர் முகம் வாட விடமாட்டார். ஒன்று சாப்பிட்டார். கணக்குப் பிரிவு அம்மாள் உரித்துக் கொடுத்ததைத் தட்ட முடியாமல் இன்னொன்று. தட்டச்சுப் பிரிவு கோபித்துக்கொள்ளுமே என்று மேலும் ஒன்று. புன்னகை மாறாமல் விழுங்கினார். மறுநாள் காலை கழிப்பறைக்குள் நடந்ததை எழுத இந்தப் பேனாவுக்குத் தெம்பில்லை. கதவுக்கு வெளியே நின்ற ரஹாயு மட்டும், "இடுப்பு நரம்பு எப்படி இருக்குங்க?" என்று விசாரித்தாள்.

பப்பாளி, வெந்நீர்த் தொட்டி, நடுவில் ஓட்டை போட்ட மெத்தை என்று வீட்டில் சில வாரம் கழிந்தது. அலுவலகம் திரும்பியதும் நாற்காலியைப் பார்த்தார், வியர்த்துவிட்டது. உட்காரவும் முடியாது, ஏன் என்று சொல்லவும் முடியாது. இந்த இக்கட்டிலிருந்துதான் "நிற்கும் நிர்வாகம்" என்னும் மாபெரும் சீர்திருத்தம் உதித்தது. மக்கள் நிற்கும்போது அதிகாரி உட்காருவது மக்களாட்சிக்கே இழுக்கு என்று முழங்கினார். மூலகாரணத்தைத் தவிர மற்ற எல்லாக் காரணமும் அந்த உரையில் இருந்தது. நாற்காலிகள் கிடங்குக்குப் போயின. கூட்டங்கள் சுருங்கின, கால்கள் வீங்கின. மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கேடயம் வந்தது.

கேடயம் வந்த அன்று கவுண்டருக்கு வெளியே மணல் லாரி டிரைவர் வாகிமின் நின்றுகொண்டிருந்தார். வருடக்கணக்காக ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தவர். அவருக்கும் மூலம்; ஆனால் மறைத்துவைக்க வசதியில்லாத மூலம். உட்கார முடியாததால் லாரி ஓடவில்லை, லாரி ஓடாததால் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அறுவைக்கு அனுமதி கேட்டு மாதக்கணக்காக அலைகிறார். ஒவ்வொரு முறையும் "அவசரமில்லை" என்றே பதில். தலைவர் காலை அகட்டி அகட்டி நடந்துவருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்கும் அதானா, பாக்? வெந்நீர்ல உக்காந்தா கொஞ்சம் இதமா இருக்குமே?"

பாக் சுவிக்னியோ சுற்றுமுற்றும் பார்த்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"சேச்சே. இந்த வலி தெரிஞ்சவன் இன்னொருத்தனைப் பார்த்துச் சிரிப்பானா? அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

கையெழுத்துக்கு ஒரு நொடி போதும். பேனாவும் பையில்தான் இருந்தது. அவர் மனசு இளகத்தான் செய்தது. இந்த ஆள் படும் பாட்டை அவரைவிட அறிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. ஆனால், தலைவருக்கு மூலத்தின்மேல் திடீரென்று இத்தனை பாசம் எப்படி வந்தது என்று ஹர்யாடி யோசிக்க ஆரம்பித்தால் என்ன ஆவது? கேடயத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வரிசைன்னு ஒன்னு இருக்குல்ல, வாகிமின். இது அவசரமில்லாத கேஸ்தானே. அடுத்த மாசம் பாப்போம்."

வாகிமின் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வலி தெரியாத மனுஷன், அதான் நிக்க வைக்கிறார்னு இத்தனை நாள் உங்களைத் திட்டக்கூட இல்ல, பாக்," என்றார். "தெரிஞ்சுமா நிக்க வைக்கிறீங்க?"

அடுத்த மாதத்துக்குள் தலைவரின் புண் நன்றாக ஆறியது. நாற்காலிகளும் கிடங்கிலிருந்து திரும்பி வந்தன. அதை வைத்துச் சீர்திருத்தம் தோற்றுவிட்டது என்று யாரும் அவதூறு பேசக்கூடாது. நிற்கும் நிர்வாகம் அந்த அலுவலகத்தில் இன்றைக்கும் சிறப்பாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. கவுண்டருக்கு வெளியே, வாகிமின் தலைமையில்.