மாமனார் பேசியது எனக்கு மட்டும் கேட்டது

காதில் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டவனுக்கு உலகத்தில் எல்லாமே சரியாக நடப்பதாகத்தான் தோன்றும். அது எவ்வளவு பெரிய பொய் என்று என் மைத்துனி கலாவின் கல்யாணத்தில் தெரிந்துகொண்டேன்.

தியாகதுருகத்தில் எனக்கு சவுண்ட் சர்வீஸ். பழைய மிக்ஸர் கரகரக்கத் தொடங்கியதால், டிஜிட்டல் மிக்ஸர் இரண்டை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொல்லி வாங்கி வந்திருந்தேன். ஒன்றில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வரிசையாகத் தள்ளுகட்டைகள். மற்றது வெறும் பெட்டி; எல்லாவற்றையும் டேப்லெட்டில் விரலால் தேய்க்க வேண்டும். கல்வராயன் மலையில் மாமனார் ஊரில் நடக்கும் கல்யாணத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். (எழுந்து ஓட முடியாத கூட்டம். வேறென்ன வேண்டும்?)

நாதஸ்வரத்தில் வித்தியாசம் பிடிபடவில்லை. தாலி கட்டி முடிந்ததும் மாமனார் கலாவைக் கூட்டிக்கொண்டு மைக் அருகே வந்தார். சாமைக் கொல்லையையும் மாட்டையும் பற்றித் தவிர யாரிடமும் வாய் திறக்காதவர், "நான் கொஞ்சம் பேசணும்" என்றார். சனம் அசந்துபோனது. எனக்கோ, மனிதக் குரல்! இதைவிட நல்ல பரீட்சை ஏது?

மைக் ஒயரையும் ஸ்பீக்கர் ஒயரையும் முதல் மிக்ஸரிலிருந்து பிடுங்கி டேப்லெட் மிக்ஸரில் செருகினேன். ஹெட்போனில் கேட்டேன். ஆஹா! அடிக்குரலில் அப்படியொரு கனம். 'ச' வரும் இடத்தில் துளி சீறல் இல்லை. கண்ணை மூடி ரசித்தேன். திறந்தபோது பலரும் என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். பாராட்டு என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

என் மனைவி செல்வி ஓடிவந்து ஹெட்போனைக் கழற்றினாள். "இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? அப்பா பேசறது ஒண்ணுமே கேக்கல!"

வெளியே ஜெனரேட்டர் இரைச்சல்தான் கேட்டது. ஸ்பீக்கருக்குச் சத்தம் போகாதபடி நிறுத்தும் பட்டன், டேப்லெட் மூலையில் சிவப்பாக எரிந்தது. நான் அதைத் தட்டுவதற்குள் மாமனார் பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா சொல்லுங்க மாமா" என்று கெஞ்சினேன்.

"போங்க மாப்ள. அதெல்லாம் இன்னொரு தபா வராது."

கல்யாண மாப்பிள்ளையின் பெரியப்பா விடவில்லை. "நீங்கதான் கண்ண மூடிக் கேட்டுக்கினு இருந்தீங்களே. நீங்களே சொல்லிடுங்க!"

மைக் என் கைக்கு வந்தது. மாமனார் குரலின் கனம் ஞாபகம் இருந்தது. சீறல் இல்லாதது ஞாபகம் இருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

"மாமா... ரொம்பத் தெளிவா பேசினாரு" என்றேன்.

எழுந்த சிரிப்புக்கு எந்த மிக்ஸரும் தேவைப்படவில்லை. கலா மட்டும் சிரிக்கவில்லை. ஈரக் கண்ணோடு, "உடுங்க மாமா. எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

என்ன கேட்டாள் என்று இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது ஊருக்கான பேச்சே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் என் காதுக்குள்ளேயே வந்து நின்ற பேச்சை நான் தவறவிட்டது உறுத்தத்தான் செய்கிறது.

தள்ளுகட்டை உள்ளதையே வாங்கினேன். (பாவம், அந்த டேப்லெட் என்ன செய்யும்?) செல்வி மட்டும் எதைச் சொல்லி முடித்தாலும் என் முகத்தைப் பார்த்து, "நான் சொன்னது கேட்டுச்சா, இல்ல சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சா?" என்கிறாள்.

பெரும்பாலும் சத்தம்தான்.