பசித்த வயிற்றோடு ஒரு நேரலை

தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, இணையத்தில் ஏற்றிவிட்டு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று தானே போய்ப் போய்ப் பார்ப்பவருக்குச் சுயாதீன இசைக் கலைஞர் என்று பெயர். நானும் என் அண்ணன் குமாரும் அந்த வகை. அண்ணன் கீபோர்டு, நான் குரல். எங்கள் பாட்டுகளை அதிகம் கேட்டது எங்கள் அம்மா. (அதுவும் வெங்காயம் நறுக்கும்போது மட்டும்.) வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று எது வந்தாலும் போவோம்.

அந்த வருஷம் ஒன்றிரண்டைத் தவிர எதுவுமே வரவில்லை. "இந்த மாசமும் இப்படியே போனா, நான் சிங்கப்பூர் ஃபேக்டரிக்குக் கெர்ஜாவுக்குப் போறேன் லா" என்று, வேலைக்குக் கிளம்புவதாகவே அண்ணன் சொல்லிவிட்டான். அவன் போனால் என் பாட்டும் அத்தோடு சரி. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, பண்டார் ஹிலிரில் கடை வைத்திருந்த ஒரு செட்டியார். மகள் கல்யாண விருந்துக்குப் பாட ஆள் தேடிக்கொண்டிருந்தார். எப்போது கேட்டாலும் "பாக்கலாம்மா" என்பார். கடைசியில் ஒருவழியாக, "ஞாயித்துக்கிழமை எங்கேயோ பாடுறீங்களாமே? லைவ்ல போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று வாய் திறந்தார்.

மெர்டேக்கா என்கிற சுதந்திர தின விடுமுறை வாரம் அது. ரோட்டில் ஓடிய காடிகளில் எல்லாம் கொடி பறந்தது. அந்த ஞாயிறு, காஜா பேராங்கில் ஒரு சிட்டி குடும்பத்து நிச்சயதார்த்த மதிய விருந்து. எந்தக் காலத்திலோ இங்கே குடியேறிய தமிழர் வம்சமான சிட்டி மக்கள் நம்மைப் போலவே சாமி கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய் கலந்த தங்கள் சொந்தப் பேச்சு. தமிழ்ப் பாட்டு என்றால் அந்த வீட்டாருக்கு உயிர். அர்த்தம் தெரிந்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் இல்லை.

ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, நேரலையைத் தட்டிவிட்டு, நான் எழுதிய காதல் பாட்டின் பல்லவியை ஜோராக எடுத்தேன். பல்லவி முடிந்தது. சரணத்துக்காகக் கை தானாகப் பையைத் துழாவியது. வரிகள் எல்லாம் ஃபோனில். ஃபோன் ஸ்டாண்டில். (சொந்தப் பாட்டு மறக்குமா என்று கேட்காதீர்கள். எழுதியவளுக்குத்தான் முதலில் மறக்கும்.)

எதிரே எல்லோரும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து மீன் குழம்பு வாசம் ஆளைத் தூக்கியது. அப்போதுதான் என் மூளை அந்த மகத்தான யோசனையைச் சொன்னது: இங்கே யாருக்குத் தமிழ் புரியப்போகிறது? (அந்த ஃபோன் எதற்காக அங்கே நிற்கிறது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.)

"மீன் குழம்புச் சட்டியே, மூடி திறந்து வாராயோ,
பட்டினியாய்ப் பாடும் எனக்குப் பாதித் துண்டு தாராயோ..."

உருகிப் பாடினேன். மணப்பெண்ணின் அம்மா கண் கலங்கிவிட்டார். "செடாப் லாகு இனி! லாகி, லாகி!" என்று பாட்டை மெச்சி, இன்னும் பாடச் சொல்லிக் கைதட்டினார். அண்ணன் முகம் வெளுத்து, கண்ணை உருட்டி, கீபோர்டில் கண்ட கட்டையையும் அழுத்தினான். அவனுக்கும் குஷி பிறந்துவிட்டது என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன்:

"பார்க்கலாம் பார்க்கலாம் என்கிற பண்டார் ஹிலிர் செட்டியாரே,
வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா, வார்த்தை ஒன்று சொல்வீரோ..."

பாட்டு முடிந்ததும் அண்ணன் பாய்ந்து வந்தான். "உனக்கு மூளை இருக்கா லா? லைவ் ஓடுது!"

திரையில் இதயங்கள் கொத்துக் கொத்தாகப் பறந்துகொண்டிருந்தன. பார்ப்பவர்கள் வரிசையில் செட்டியாரின் பெயர். "அண்ணே, சிங்கப்பூருக்கு நானும் வரேன்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, ஃபோன் அடித்தது. அவரேதான்.

"ஏம்மா, கொழுக்கட்டைய இப்பத்தான் முழுங்கினேன். பேசலாமா?"

"ஐயா, அது வந்து... மன்னிச்சிருங்க..."

"கல்யாணப் பேச்சு எடுத்த நாள்லேருந்து எம்மக எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. எதக் கேட்டாலும் பாக்கலாம்னே சொல்றேன்னு கோவம். இப்ப பக்கத்துல உக்காந்து வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறா. நீங்கதான் பாடணுமாம். அந்தப் பாட்டேதான் வேணுமாம்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அண்ணன் சிங்கப்பூர்ப் பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

கல்யாணத்தன்று செட்டியார் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்து, "மொதல்ல இந்தப் பொண்ணுக்குப் பரிமாறுங்கப்பா, இல்லேன்னா நம்ம மானம் லைவ்ல போயிடும்" என்றார். அன்று பிடித்தது இந்தப் பழக்கம். இன்று பக்கத்திலிருக்கும் புக்கிட் காதிலில் பாடக் கூப்பிட்டாலும், ஜொகூரில் கூப்பிட்டாலும், முதல் கேள்வி "பாடகி சாப்பிட்டாச்சா?" என்பதுதான். எல்லோரையும் விட மோசம் அண்ணன். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், மணமேடைக்கே ஒரு தட்டு இட்லியோடு வந்து நின்றான்.

"சாப்பிட்டுடு லா," என்றான் பதற்றமாக. "மைக்கு பக்கத்துலயே இருக்கு."